ஆடிக் கடைசி வெள்ளி

கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைக்கு மேலே
என் அறை. ஒரு மேசை, இரண்டு முத்திரை,
பக்கத்துக்கு அறுநூறு ரூபாய்.
பிறப்புச் சான்றிதழோ மரணச் சான்றிதழோ
விலை ஒன்றுதான்.

யசோதினி இந்த முறை கொண்டுவந்தது
தீர்ப்பாயத்தின் முப்பத்தொரு பக்கம்.
தமிழில சொல்லுங்கோ அக்கா, எழுத வேண்டாம், என்றாள்.
எழுதினால்தான் காசு என்று அவளுக்குத் தெரியும்.

'நம்பத்தகுந்த சாட்சி அல்லர்' என்று இருந்ததை
'உங்கட அவர் சொன்னதில சில இடம்
ஒத்துவரேல்லையாம்' என்று இறக்கினேன்.
என் தொழிலில் அப்படி இறக்கக் கூடாது.

பத்தொன்பதாம் பக்கம், அறுபத்திரண்டாம் பந்தி.
நேர்காணலில் நந்தரூபன் சொன்ன திகதி
ஓகஸ்ட் பதின்மூன்று.
மனைவியின் கடிதத்திலோ
யூலை மாதத்தின் கடைசி வெள்ளி.
பதினான்கு நாள் வித்தியாசத்துக்கு விளக்கம் இல்லை.
ஆகவே
அப்படி ஒரு வான் வந்தது என்பதையே
தீர்ப்பாயம் ஏற்கவில்லை.

அந்த 'ஆகவே'யில் என் குரல் நின்றுபோனது.

அலுமாரிக்குள் அவளின் கடிதப் பிரதி இருந்தது.
நீல மை, கொப்பித் தாள்.
'ஆடிக் கடைசி வெள்ளி. பொங்கலுக்கு
அரிசி கழுவி வைச்சிருந்தன்.
படலைச் சத்தம் கேட்டு மாடு எண்டு நினைச்சன்.'
அதோடு குத்தியிருந்தது என் மொழிபெயர்ப்பு,
என் கையொப்பம், வட்ட முத்திரை.
ஆடி என்ற இடத்தில் யூலை.

அவ்வளவுதான்.
கரண்ட் போகப்போகிறது என்று
அவசரமாய் அடித்த ஒரு பின்னேரம்.
தலைக்கு மேலே கலண்டர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது,
ஓகஸ்டின் பாதியைத் தின்றுவிட்டுத்தான்
ஆடி முடியும் என்று காட்டிக்கொண்டு.

பிள்ளை, பிழை அவரில இல்லை. என்னில.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கைப்பையின் சிப்பைத் திறந்தாள், மூடினாள்.

மெல்பேர்ணில் காலை பத்து மணி,
இங்கே விடியாத ஐந்தரை.
சட்டத்தரணி பொறுமையான மனிசன்.
நீதிமன்றம் கதையைத் திரும்பக் கேட்காது, என்றார்.
வான் வந்ததா வரவில்லையா என்பது
நீதிபதியின் கேள்வியே அல்ல.
தீர்ப்பாயம் சட்டப்படி நடந்ததா,
அது மட்டும்தான்.
உண்மையில் பிழைவிட அவர்களுக்கு இடம் உண்டாம்.
சட்டத்தில்தான் விடக் கூடாதாம்.

அப்ப என்ர பிழை எந்தப் பிழை?

கொஞ்ச நேரம் கடல் இரைகிற மாதிரி ஒரு இரைச்சல்.
அதைத்தான் வாதாடிப் பார்க்க வேண்டும், என்றார்.
சத்தியக் கடதாசி ஒன்று அனுப்புங்கள்.
முப்பத்தைந்து நாள் தவணை,
இருபத்தேழு போய்விட்டது.

நீதிமன்றத்துக்கு எதிரே குடைக்குக் கீழே இருக்கும்
சமாதான நீதவான் மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார்.
உமக்கெதிராய் நீரே சத்தியம் செய்யிறீரோ?
பதிவு போனாலும் போகும், தெரியுமோ?
தெரியும் என்றேன்.
தெரியாது.

இந்த முறை ஆடியை நான் மொழிபெயர்க்கவில்லை.
ஆங்கில எழுத்தில் ஆடியாகவே விட்டேன்.
கீழே ஒரு அடிக்குறிப்பு:
இந்த மாதம் யூலை நடுவில் பிறந்து
ஓகஸ்ட் நடுவில் முடியும்;
அந்த ஆண்டு அதன் கடைசி வெள்ளி
பதின்மூன்றாம் திகதி.
இருபது வருடத் தொழிலில்
இவ்வளவு கவனமாய் நான் எண்ணியதில்லை,
விரல் மடித்து,
சின்னப்பிள்ளை மாதிரி.

இனி நம்புவினமோ, அக்கா?

நம்புவது அவர்களின் வேலை இல்லை என்பதை
எந்தத் தமிழில் சொல்வது?
பார்ப்பம், என்றேன்.

படி இறங்கப் போனவள் திரும்பி நின்றாள்.
அண்டைக்கு அந்த அரிசியை
பிறகு கோழிக்குத்தான் போட்டனான்.
அதையும் எழுதுவமோ?

அது வழக்குக்கு உதவாது.
பக்கமும் நிரம்பிவிட்டது.
ஓரத்தில், சின்ன எழுத்தில்,
எழுதினேன்.